ஆப்பிளில் பழுப்புக் குழி: தெளிப்பு காயின் மேல் விழுகிறதா?

இரண்டு முறை கால்சியம் குளோரைடு தெளித்தும், சேமித்த ஆப்பிளின் தோலில் பழுப்புக் குழிகள் வருகின்றன என்று எழுதியிருந்தீர்கள். பார்த்தால், காயில் கால்சியம் குறைவதால் வரும் 'பிட்டர் பிட்' கோளாறு போலத்தான் தெரிகிறது.

இலைக்குள் போன கால்சியம் அநேகமாக அங்கேயே தங்கிவிடும், காய்க்கு இறங்காது. அதனால் தெளிப்பு காயின் தோலையே நன்றாக நனைக்க வேண்டும். இரண்டு முறை போதாது. காய் சிறிதாக இருக்கும்போதே தொடங்கி, அறுவடை நெருங்கும்வரை 10–14 நாளுக்கு ஒருமுறை தெளியுங்கள். கடும் வெயிலில் வேண்டாம், இலை கருகும். பாஸ்பேட், சல்பேட் உரங்களோடு கலந்தால் படிந்து வீணாகிவிடும்.

அப்புறம், தழைச்சத்து அதிகம் போட்டீர்களா? எனக்கு அதில்தான் சந்தேகம். கொழுந்துகள் வேகமாக வளர்ந்தால் கால்சியத்தை அவையே இழுத்துக்கொள்ளும். அடுத்த பருவத்தில் முதலில் அதைக் குறையுங்கள்.