கொன்ற கிருமிக்கு எதற்கு அழகு?

வணக்கம்.

மல்லாவியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் என் மகள், அமெரிக்க ஓவியர் டேவிட் குட்செல் நீர்வண்ணத்தில் தீட்டிய கொரோனா வைரஸ் படத்தை அச்செடுத்து ஆய்வுகூடச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அந்த நோய்க்கு என் அக்காவைப் பறிகொடுத்தேன். கடைசியாக முகம் பார்க்கவும் விடவில்லை. கொன்றதை இப்படி அழகு பார்க்கலாமா? விஞ்ஞானத்துக்குப் புகைப்படம் போதாதா?

– ஒரு வாசகர், துணுக்காய்

அன்புள்ள ஐயா,

இரண்டாவது கேள்வி சுலபமானது. புகைப்படம் போதாது. அந்த வைரசின் விட்டம் ஏறத்தாழ 100 நானோமீற்றர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ ஏறத்தாழ 400 இலிருந்துதான் தொடங்குகிறது. அந்த அளவில் நாம் அறிந்த நிறம் ஏது? இலத்திரன் நுணுக்குக்காட்டி சாம்பல் நிற உருவத்தைத் தரும். எக்ஸ் கதிர்ப் பளிங்கியல் ஒரு புரதத்தைத் தனியே பிரித்து அதன் வடிவத்தைச் சொல்லும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடத்தைத்தான் குட்செல் தூரிகையால் நிரப்புகிறார். அவர் மூலக்கூற்று உயிரியலாளரும்கூட. உயிர்க்கலங்களை (செல்களை) பெரும்பாலும் ஒரு மில்லியன் மடங்கு பெருப்பித்து வரைவார். அக்கணக்கில் இந்த வைரஸ் உள்ளங்கையகலம் வரும். பாடநூலில் குழியவுரு, அதாவது கலத்தை நிரப்பும் கூழ், வெறுமையாகக் கிடக்க, நாலைந்து புன்னங்கங்கள், கலத்தின் சிற்றுறுப்புகள், மிதக்கும். இவருடைய கலத்துக்குள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் இரவின் நெரிசல். ஒரு புரதம் நகர இன்னொன்று வழிவிட வேண்டும். உண்மையில் கலம் அப்படித்தான்.

உங்கள் கோபத்துக்கு வருகிறேன். 2020 ஜனவரியில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட படம் நினைவிருக்கும்: சாம்பல் உருண்டை, சிவப்பு முட்கள், சுற்றிவர ஒன்றுமில்லை. தொலைக்காட்சியில் ஓயாமல் காட்டினார்கள். பார்த்தவரைப் பயப்படுத்தும் படம் அது. பயம் தேவைப்பட்ட காலமும்தான். அடுத்த மாதம் குட்செல் வரைந்ததில் வைரஸ் தனியே நிற்கவில்லை. நுரையீரலின் சீதத்துக்குள், அதாவது சளிக்குள், நிற்கிறது; கிருமியை எதிர்க்க உடல் சுரக்கும் பிறபொருளெதிரிகள் சூழ்ந்திருக்கின்றன. வைரசுக்கும் நம் உடலுக்கும் ஒரே தூரிகை, ஒரே கவனம். அதற்கு வில்லன் வேஷம் கட்ட அவர் மறுத்துவிட்டார். என் கண்ணுக்கு, சிவப்பு முள்ளைவிட இதுவே நேர்மையான படம். கிருமிக்கு வன்மம் கிடையாது. முகம் பார்க்க விடாமல் தடுத்தது கிருமியல்ல, மனிதர் போட்ட விதி.

ஆனாலும் அந்தப் படத்தில் உங்கள் அக்கா இல்லை. மூச்சுக்குத் தவித்த ஒருவரும் இல்லை. மில்லியன் மடங்கு பெருப்பித்தால் மனிதர் படச்சட்டத்துக்கு வெளியே போய்விடுவர். அது அந்தக் கலையின் எல்லை. நீங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

மகளிடம் படத்தைக் கழற்றச் சொல்லாதீர்கள். "நிறங்கள் ஓவியர் தெரிந்தெடுத்தவை" என்று கீழே ஒரு வரி எழுதி ஒட்டச் சொல்லுங்கள். உயிரியல் படம் என்றால் பென்சிலால் கோடு மட்டும் கீறு, நிழல் தீட்டாதே என்று பழக்கிய பிள்ளைகள் அவளுடைய மாணவர்கள். இல்லாவிட்டால் பரீட்சைத்தாளில் வைரஸ் இளஞ்சிவப்பு என்று எழுதிவைத்துவிடுவார்கள்.