பத்து கேஸ் ஷீட்ல இருந்து ஆரம்பிங்க

வணக்கம் சார்,

மெடிக்கல் காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். சர்ஜரிதான் எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. கூட படிக்கிறவங்க ரெண்டு பேர் அதுக்குள்ள ரிசர்ச் பேப்பர் போட்டுட்டாங்க. எனக்கு அனாடமி தாண்டி எதுவும் தெரியாது, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சுத்தமா வராது. யாருகிட்ட போய் கேக்கறது, என்னன்னு கேக்கறது? லேட் ஆயிடுச்சோன்னு பயமா இருக்கு.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

லேட்டெல்லாம் ஒண்ணும் ஆகல. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கவலையையும் இப்போதைக்கு விடுங்க, கையில சொந்தமா டேட்டா இருக்கும்போதுதான் அது புரியவே ஆரம்பிக்கும். உங்க வருஷத்துல இருக்கறவங்க உருப்படியா செய்யக்கூடிய வேலை கேஸ் ஷீட், அதாவது பேஷண்டோட ஆஸ்பத்திரி ஃபைல் படிச்சு டேட்டா எடுக்கறது. அத எடுபிடி வேலைன்னு நினைக்கறவங்க நிறைய, எனக்கு அதுல வருத்தம் உண்டு, ஏன்னா அங்க தப்பு நடந்தா அதுக்கு மேல எவ்வளவு பெரிய கணக்கு போட்டாலும் அது தப்பாத்தான் வரும்.

நான் மாணவனா இருந்தப்ப, அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆனவங்கள்ல எத்தனை பேருக்கு காயத்துல இன்ஃபெக்ஷன் வந்துச்சுன்னு பாக்கற ஒரு ஸ்டடியில சேந்தேன். டிஸ்சார்ஜ் சம்மரிய பாத்து எக்செல்ல ஆமா, இல்லைன்னு போட்டுட்டே போனேன், இன்ஃபெக்ஷன் ரொம்ப கம்மியா இருக்குன்னு சந்தோஷமா கொண்டுபோய் காட்டினேன். சீனியர் அக்கா ஒருத்தங்க ஒரே ஒரு ஃபைல எடுத்து கடைசி பக்கத்துக்கு புரட்டினாங்க. சம்மரியில காயம் நல்லா இருக்குன்னு எழுதி மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்பியிருந்தாங்க, ஆனா பின்னாடி ஒட்டியிருந்த ஓ.பி. சீட்டுல ஒன்பதாம் நாள் தேதி போட்டு, சீழ் வருது, ரெண்டு தையல் பிரிச்சாச்சுன்னு மங்கலா ஒரு வரி. இந்த மாதிரி மேலாப்புல வர்ற இன்ஃபெக்ஷனுக்கு ஆபரேஷன்ல இருந்து 30 நாள் வரைக்கும் பாக்கணும்னுதான் வழக்கமான வரையறை. நான் பாத்ததோ முதல் மூணு நாள். எல்லா ஃபைலையும் முதல்ல இருந்து திரும்ப படிச்சேன். இன்னிக்கும் எந்த பேப்பர எடுத்தாலும் எத்தனை நாள் வரைக்கும் பாத்திருக்காங்கன்னுதான் என் கண்ணு முதல்ல தேடும்.

யாரை கேக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. பெரிய ப்ரொஃபஸர்கிட்ட நேரா போகணும்னு இல்ல, தீசிஸ் பாதியில நிக்கற பி.ஜி. யாராவது இருப்பாங்க, அவங்களுக்குத்தான் ஆள் தேவை. "ஏதாவது ப்ராஜெக்ட் இருந்தா சொல்லுங்க"ன்னு பொதுவா கேக்காதீங்க, அவங்க எழுதினத ஒண்ணாவது படிச்சுட்டு, வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வர முடியும், பரீட்சை இந்த மாசம், அப்ப வர முடியாதுன்னு தெளிவா சொல்லுங்க. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கியாச்சான்னு கேக்காம ஒரு ஃபைலயும் தொடாதீங்க. பேஷண்ட் பேரு ஷீட்ல வரக்கூடாது, கோட் நம்பர்தான், கேஸ் ஷீட்ட ஃபோன்ல ஃபோட்டோ எடுக்கவே கூடாது.

ஆத்தர்ஷிப்பையும், அதாவது பேப்பர எழுதினவங்கள்ல உங்க பேரும் வருமாங்கறதயும், முதல்லயே பேசிடுங்க, கூச்சப்பட்டா கடைசியில மனஸ்தாபம்தான். ஐ.சி.எம்.ஜே.இ.ன்னு மருத்துவ பத்திரிகை ஆசிரியர்களோட சர்வதேச கமிட்டி ஒண்ணு இருக்கு, அவங்க விதிப்படி வேலையில கணிசமான பங்கு, எழுதறதுலயோ திருத்தறதுலயோ பங்கு, கடைசி வடிவத்துக்கு சம்மதம், மொத்தத்துக்கும் பொறுப்பு, இந்த நாலும் வேணும். டேட்டா மட்டும் எடுத்தா நன்றி பகுதியிலதான் பேரு வரும், அதனால எழுதும்போது என்னையும் சேத்துக்கங்கன்னு இப்பவே கேளுங்க.

பல ஆஸ்பத்திரி சேந்து செய்யற ஸ்டடி கிடைச்சா விடாதீங்க. குளோபல்சர்ஜ்னு ஒரு குழு அவசர வயித்து ஆபரேஷன் பத்தி 2016ல போட்ட பேப்பர்ல 58 நாடுகள்ல இருந்து 10,745 பேஷண்ட் இருக்காங்க, டேட்டா எடுத்தவங்க பேரும் கூட்டு ஆத்தரா வந்திருக்கு.

கேள்வி பெருசா இருக்கணும்னு நினைக்காதீங்க. முழங்கால் தேய்மானத்துக்கு ஆர்த்ராஸ்கோப்பி, அதாவது மூட்டுக்குள்ள சின்ன கேமரா விட்டு செய்யற ஆபரேஷன், பண்ணா நிஜமாவே வலி குறையுதான்னு ஒரு குழு கேட்டுச்சு, 180 பேர எடுத்து, சிலருக்கு தோல்ல கீறல் மட்டும் போட்டு ரெண்டு வருஷம் பாத்தாங்க, 2002ல ரிசல்ட் வந்தப்ப ஆபரேஷன் ஆனவங்க கீறல் மட்டும் போட்டவங்கள விட நல்லா இல்ல. எல்லாரும் பண்ணிட்டு இருந்த ஒண்ண நிறுத்தி கேட்ட கேள்வி அது. வார்டுல நின்னு பாக்கும்போது உங்களுக்கும் அப்படி தோணும், தோணினத உடனே எழுதி வைங்க.

ஸ்டடியில சேந்ததும் பத்து ஃபைல் மட்டும் எடுத்து டேட்டா போடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு பழைய ஷீட்ட பாக்காம அதே பத்தையும் திரும்ப போடுங்க. ரெண்டும் ஒத்துப்போகாத கட்டத்துல எல்லாம் வட்டம் போட்டு எடுத்துட்டு போய் உங்க கைட்கிட்ட காட்டுங்க, எந்த வரையறை தெளிவா இல்லைன்னு அங்க இருந்து பேசலாம்.