கேள்வி – பதில்: விலைக்கு வரம்பா, அரசுக்கு வரம்பா?

கேள்வி: விலை எகிறும்போது அரசு உச்சவரம்பு வைத்தால் ஏழைக்கு நல்லதுதானே? சுதந்திரச் சந்தைக்காரர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு மூட்டையின் விலை 100. அந்த விலையில் சந்தைக்கு 1,000 மூட்டை வருகிறது, அத்தனையும் விற்றுப்போகிறது. விலை 10 இறங்கினால் வாங்குவோர் 100 மூட்டை கூடுதலாகக் கேட்பார்கள், விளைவிப்போர் 100 மூட்டை குறைவாகக் கொண்டுவருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது '70-க்கு மேல் விற்கக் கூடாது' என்று உத்தரவு வருகிறது. கேட்பது 1,300, வருவது 700. பற்றாக்குறை 300 அல்ல, 600. வரத்து குறைவதை எல்லோரும் பார்க்கிறார்கள். மலிவு விலையைப் பார்த்துத் தேவை கூடுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அந்த 700 மூட்டை யாருக்கு? விலை தீர்மானிக்காவிட்டால் வேறொன்று தீர்மானிக்கும். வரிசை என்று வைப்போம். நம் கணக்கின்படி, 130 கொடுக்கவும் தயங்காதவர்கள் மட்டுமே 700 மூட்டைக்கு இருக்கிறார்கள். ஆகவே கொடுக்கும் 70-உம், நின்ற நேரத்தில் போன கூலியும் சேர்ந்து 130-ஐத் தொடும்வரை வரிசை நீளும். மணிக்கு 15 சம்பாதிப்பவருக்கு அது 4 மணி நேரம். முன்பு 100-க்குக் கிடைத்த மூட்டைக்கு இப்போது 130 போகிறது. அதில் 70-க்கு மேல் நேரமாகப் போன 60 விற்றவர் கைக்கும் சேரவில்லை, அடுத்த போகத்தில் அதிகம் விளைவிக்க யாரையும் தூண்டவும் இல்லை. வெயிலில் நின்றதோடு சரி. வரிசை இல்லாத இடத்தில் எடை குறையும், தரம் இறங்கும், தெரிந்தவருக்கு மட்டும் உள்ளேயிருந்து சரக்கு வரும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒரே ஒரு விற்பனையாளர் வேண்டுமென்றே வரத்தைச் சுருக்கி விலை ஏற்றும் இடத்தில், அளவாக வைத்த வரம்பு வரத்தைக் கூட்டவும் கூடும். அங்கேயும் சுதந்திரவாதி, அதாவது அரசின் தலையீடு குறைய வேண்டும் என்பவர், கேட்கும் முதல் கேள்வி: அந்த ஏகபோக உரிமையை அவருக்குக் கொடுத்தது யார்? ஏழைக்கு உதவ வேண்டுமென்றால் விலையில் கை வைக்காதே, கையில் பணமாகக் கொடு என்பது அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் சொன்ன வழி.

கேள்வி: இதெல்லாம் கரும்பலகைக் கணக்கு. நிஜத்தில் நடந்திருக்கிறதா?

பதில்: 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் விலைகளையும் கூலிகளையும் 90 நாளுக்கு உறைய வைத்தார். 90 நாள் என்று தொடங்கிய கட்டுப்பாடு வெவ்வேறு வடிவில் 1974 ஏப்ரல் வரை இழுத்தது. அது எங்கே இடறியது என்பதற்குக் கோழிப்பண்ணையே போதும். 1973 ஜூனில் விலைகள் மறுபடி உறைந்தபோது கோழிக்கறிக்கு வரம்பு இருந்தது, பண்ணையிலிருந்து நேரே வரும் தானியத்துக்கு இல்லை. தீவனம் ஏறிக்கொண்டே போனது. குஞ்சை வளர்த்து விற்றால் ஒவ்வொன்றிலும் நட்டம். பண்ணைக்காரர்கள் குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் நீரில் மூழ்கடித்தார்கள். அதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பெட்ரோலியத்துக்கு இருந்த கட்டுப்பாடு மட்டும் 1981 ஜனவரி வரை ஓயவில்லை.

பழைய கதையும் உண்டு. கி.பி. 301-இல் ரோமப் பேரரசர் டையோக்ளீஷியன் 1,200-க்கும் மேற்பட்ட இனங்களுக்கு உச்ச விலையைக் கல்லில் வெட்டி வைத்தார். மீறினால் மரண தண்டனை. சரக்கு சந்தையை விட்டே மறைந்தது என்று அக்காலத்தவரான லாக்டாண்டியஸ் எழுதுகிறார். அவர் பேரரசரை வெறுத்தவர் என்பதையும் நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். ஆணையின் முன்னுரை பழியை வணிகரின் பேராசை மீது போடுகிறது. நாணயத்தின் மதிப்பைக் கெடுத்தது அரசின் கைதான் என்பது அதில் இல்லை.

கேள்வி: கட்டுப்பாட்டை ஒரே நாளில் நீக்கினால் குழப்பம் வராதா?

பதில்: வரும். 1948 ஜூன் 20 அன்று மேற்கு ஜெர்மனியில் மார்க் என்ற புது நாணயம் வந்தது. அதே கையோடு, பொருளாதார நிர்வாகத்தின் தலைவராக இருந்த லூட்விக் எர்ஹார்ட் பெரும்பாலான பொருள்களுக்கு விலைக் கட்டுப்பாட்டை விலக்கினார். அதுவரை சிகரெட்டையே பணமாகப் புழங்கிய ஊர்களில், மறுநாளே கடை ஜன்னல்கள் நிறைந்தன. பதுக்கியிருந்த சரக்கு வெளியே வந்ததுதான் காரணம். ஒரே இரவில் யாரும் உற்பத்தி செய்துவிடவில்லை. பிறகு விலைகள் ஏறின, நவம்பர் 12 அன்று பொது வேலைநிறுத்தமே நடந்தது. எர்ஹார்ட் பின்வாங்கவில்லை. இன்னொன்று: வாடகையையும் அடிப்படை உணவையும் அவர் அன்று தொடவில்லை. இதைச் சந்தையின் ரசிகர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

கேள்வி: சுதந்திரவாதிகள் அரசே வேண்டாம் என்பவர்களா?

பதில்: அமெரிக்கப் பொருளியலாளர் ராத்பார்ட் வழியினர் அப்படித்தான். தத்துவவாதி நோசிக்கோ காவல்துறை, நீதிமன்றம், ராணுவம் மூன்றோடு நிற்கும் அரசை ஏற்றார். பொருளியலாளர் ஹாயெக் ஒருபடி மேலே போய், குறைந்தபட்ச வாழ்வாதாரத்துக்கு அரசு உத்தரவாதம் தரலாம் என்றார்.

கேள்வி: 'தற்காலிகம்' என்று வரும் அதிகாரம் ஏன் போவதே இல்லை?

பதில்: பிரிட்டனின் வருமான வரியைப் பாருங்கள். நெப்போலியனோடு போரிட 1799-இல் வந்தது, போர் முடிந்ததும் 1816-இல் ஒழிந்தது. 1842-இல் பிரதமர் ராபர்ட் பீல் 'மூன்றே ஆண்டுக்கு' என்று மறுபடி கொண்டுவந்தார்: பவுண்டுக்கு 7 பென்ஸ் (அன்று ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ்), அதாவது 3 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 1853-இல் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் 1860-க்குள் ஒழிப்பதாகத் திட்டம் போட்டார். கிரிமியப் போர் வந்தது. 7 பென்ஸ் 14 ஆகி, 16 ஆனது. இன்றும் சட்டப்படி அது ஆண்டு வரிதான். ஒவ்வொரு ஏப்ரல் 5-லும் காலாவதியாகிறது, நாடாளுமன்றம் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கிறது.

ஆகவே இப்படி ஒரு சட்ட வரைவு கைக்கு வந்தால் முடிவுத் தேதி இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாதீர்கள். நீட்டிக்கப் புதிய வாக்கெடுப்பு தேவையா, அமைச்சரின் அறிவிப்பே போதுமா? அதற்கென்று தனி அலுவலகமும் ஊழியர்களும் வருகிறார்களா? எல்லாவற்றையும்விட, அந்த வருவாயை நம்பி வேறு எதைக் கைவிடுகிறார்கள்? பீல் அந்த வரியை வைத்துத்தான் நூற்றுக்கணக்கான இறக்குமதித் தீர்வைகளைக் குறைத்தார். தீர்வை போன பிறகு கஜானாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. சுதந்திரவாதிகள் கொண்டாடும் தடையற்ற வணிகம் பிரிட்டனில், அவர்கள் கரித்துக்கொட்டும் வரியின் தோளில் ஏறித்தான் வந்தது.