ஆலோசகர் வேலைக்குப் போகலாமா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

புள்ளியியல் பட்டப்படிப்பை முடிக்கப்போகிறேன். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேசில் உள்ள பன்னாட்டு மேலாண்மை ஆலோசனை நிறுவனம் ஒன்று வேலை தந்திருக்கிறது. நல்ல சம்பளம். அங்கே வேலை பார்த்த மூத்த மாணவி ஒருவர், "தூக்கமே இருக்காது, போகாதே" என்கிறார். அம்மாவுக்கும் தயக்கம். அந்தத் துறையில் இருந்தவர் நீங்கள். என்ன சொல்கிறீர்கள்?

க., யீஷூன்

அன்புள்ள க.,

சேருங்கள்.

தூக்கத்தைப் பற்றி அந்த மூத்த மாணவி சொன்னது உண்மை. சிங்கப்பூர்ச் சந்தை சிறியது; வேலை பெரும்பாலும் ஜகார்த்தாவிலும் பேங்காக்கிலும்தான் இருக்கும். திங்கள் விடியற்காலை சாங்கியில் விமானம் ஏறினால் வியாழன் இரவுதான் வீடு. உரிய காலத்தில் பதவி உயர்வு பெறாதவர்கள் வெளியேற வேண்டும் என்பதும் இத்துறையின் பழைய வழக்கம்.

ஆனால் அங்கே கிடைக்கும் பயிற்சி அரியது. இந்தக் காலாண்டில் வங்கியின் வாராக்கடன், அடுத்ததில் பாமாயில் ஆலையின் போக்குவரத்துச் செலவு, பிறகு மருத்துவமனையின் காத்திருப்பு நேரம். எது ஆதாரம், எது ஊகம் என்று பிரித்துச் சொல்லாவிட்டால், நீங்கள் தயாரித்த பக்கம் சிவப்புக் கோடுகளோடு நள்ளிரவில் திரும்பி வரும். பெரியவர்கள் முன் வாய் திறக்காதே என்று வளர்க்கப்பட்ட நம் வீட்டுப் பிள்ளைகள், தலைமை நிர்வாகியிடம் "உங்கள் கணக்கு தவறு" என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லப் பழகுவது அங்கேதான். அது வாழ்நாள் முழுதும் கைகொடுக்கும்.

எனக்குள்ள கவலை வேறு. மூன்று மாதத்தில் அறிக்கையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவீர்கள். எக்செல்லில் நீங்கள் குறைத்த இருநூறு பணியிடங்களில் இருந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பது உங்களுக்குத் தெரியவே வராது. சொன்ன யோசனைக்கு விளைவு உண்டு. அடிமைப்படுத்தக்கூடிய ஓபியாய்டு வலிநிவாரணி மருந்துகளை விற்கும் நிறுவனங்களுக்கு அளித்த விற்பனை ஆலோசனைகளுக்காக மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் 2021இல் அமெரிக்க மாநிலங்களுடன் 57.3 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொள்ள நேர்ந்தது.

நம் ஊரே ஓர் ஆலோசகருக்குக் கடன்பட்டிருக்கிறது. டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ் 1960இல் ஐநா குழுவுக்குத் தலைமையேற்று இங்கே வந்தார். தொழில்மயமாகுங்கள் என்று அறிக்கை கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. 1984 வரை அரசின் பொருளியல் ஆலோசகராக இருந்து, திரும்பத் திரும்ப வந்து, தாம் சொன்னது எப்படி நடக்கிறது என்று பார்த்தார். தேவைப்பட்டபோது வேறு வழி சொன்னார். நான் மதிக்கும் ஆலோசனைத் தொழில் இதுதான்.

ஆகவே கையெழுத்திடும் முன் ஒன்று கேளுங்கள்: அறிக்கைக்குப் பிறகு செயலாக்கத்திலும் உடனிருக்கும் குழுக்கள் அங்கே உண்டா? புதிதாகச் சேர்பவர்களை அதில் சேர்ப்பார்களா? உண்டென்றால் அங்கே இடம் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால், இரண்டு மூன்று ஆண்டுகள் கற்றுக்கொண்டு, ஒரு மருத்துவமனைக்கோ தொழிற்சாலைக்கோ போய்விடுங்கள்.