தாது வருஷத்துக்கு யார் புகை விட்டது?

வாசகர் கேள்வி - பதில்

இந்த மாதக் கடிதக் கட்டில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: உலகம் சூடாகிறது என்பது நிஜமா, கட்டுக்கதையா? திட்டி எழுதியவர்களும் உண்டு. திட்டுக்கே முதலிடம் கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: போன மாதம் கரியமில வாயுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். தாது வருஷப் பஞ்சம் வந்தபோது எந்த மில்லுக்காரன் புகை விட்டான்? நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானிகளே இதைப் புரளி என்கிறார்கள், என் மாப்பிள்ளை செல்போனில் காட்டினார். மாற்றிப் பேசுகிறவர்கள் வாயை ஏனுங்க அடைக்கிறீர்கள்?
- கொரங்காட்டு விவசாயி ஒருவர், காங்கேயம்

வாயை அடைக்கும் அளவுக்கு எனக்குச் செல்வாக்கு கிடையாதுங்க. ஓய்வு பெற்ற பௌதிக வாத்தியார், அவ்வளவுதான்.

முதலில் தாது வருஷம். நீங்கள் சொல்வது சரி. 1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டு பசிபிக் கடலில் மிக வலுவான எல் நினோ (கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகி மழையைப் புரட்டிப்போடுவது), தென்மேற்கும் கைவிட்டது. அதில் கரியமில வாயுவுக்குப் பங்கு தேட வேண்டியதில்லை. (சனம் அத்தனை செத்ததற்கு மழை மட்டும் காரணமில்லை, பஞ்சத்திலும் துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறிய கதை தனி.) பருவநிலை தன் போக்கில் ஏறி இறங்கும் என்பதை எந்த விஞ்ஞானியும் மறுக்கவில்லை. 2016ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது, பொள்ளாச்சிப் பக்கம் தென்னை தலை சாய்ந்தது. அந்த ஒரு வருஷ வறட்சியை அப்படியே கொண்டுபோய்ப் புவி வெப்பத்தின் தலையில் கட்டினால் நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இங்கே வழக்கு ஒரு வருஷத்து மழையைப் பற்றியதல்ல. உலகச் சராசரி வெப்பம் எங்கே நிற்கிறது என்பதைப் பற்றியது.

அப்புறம் மாற்றுக்கருத்து. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கரியமில வாயு பூமியைச் சூடாக்கும் என்பதுதான் ஒரு காலத்தில் மாற்றுக்கருத்து. 1896இல் ஸ்வீடன்காரர் அர்ரேனியஸ் கையாலேயே கணக்குப் போட்டு, அந்த வாயு இரட்டிப்பானால் 5, 6 டிகிரி ஏறும் என்றார். நாலு வருஷத்தில் அதே நாட்டின் இன்னொரு விஞ்ஞானி ஆங்ஸ்ட்ரோம் குறுக்கே வந்தார். சும்மா வரவில்லை, ஒரு குழாயோடு வந்தார். குழாயில் கரியமில வாயுவை அடைத்து, ஒரு பக்கமிருந்து வெப்பக் கதிரைச் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று அளந்தார்கள். வாயுவில் மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றிப் பார்த்தாலும் மறுபக்க அளவில் பெரிய மாற்றம் இல்லை. இருக்கிற வாயுவே பிடிக்க முடிந்ததையெல்லாம் பிடித்துவிட்டது, இனி எவ்வளவு சேர்த்தாலும் ஒன்றும் ஆகாது என்பது அவர் முடிவு. ரொம்ப நல்ல வாதம். அரை நூற்றாண்டுக்குப் பெரும்பாலானவர்கள் அதைத்தான் நம்பினார்கள்.

எங்கே இடறியது? குழாய் தரைமட்டத்துக் காற்றழுத்தத்தில் இருந்தது. பூமியின் வெப்பம் விண்வெளிக்குத் தப்பிப் போவதோ பல கிலோமீட்டர் உயரத்தில், காற்று மெலிந்து, குளிர்ந்து, ஈரம் வற்றிய அடுக்குகளிலிருந்து. அங்கே இருக்கிற வாயு பிடிக்க முடிந்ததையெல்லாம் இன்னும் பிடித்துவிடவில்லை. கீழே போட்ட புகை மேலே போய்ச் சேரும்போது, வெப்பம் தப்பிக்கிற இடம் இன்னும் உயரத்துக்கு, இன்னும் குளிர்ந்த அடுக்குக்கு நகர்கிறது. குளிர்ந்த காற்று குறைவாகவே கதிர் வீசும். மிச்ச வெப்பம் கீழேயே தங்குகிறது. 1956இல் கில்பர்ட் பிளாஸ் கம்ப்யூட்டர் வைத்து அடுக்கடுக்காகக் கணக்கிட்ட பிறகுதான் இந்தச் சிக்கல் அவிழ்ந்தது. ஆங்ஸ்ட்ரோம் மட்டும் கேட்டிராவிட்டால் இவ்வளவு தெளிவு வந்திருக்காது.

நடுவில் 1938இல் காலண்டர் என்று ஒருவர். வானிலைக்காரர் அல்ல, நீராவி இன்ஜினியர். நம்ம கோவைப் பட்டறைப் பக்கம் இருந்திருந்தால் பம்ப்செட் செய்திருப்பார். உலகத்தின் 147 நிலையங்களின் வெப்பப் பதிவுகளைச் சேர்த்து, ஐம்பது வருஷத்தில் 0.3 டிகிரி ஏறியிருக்கிறது, காரணம் நிலக்கரிப் புகை என்று லண்டன் வானிலைச் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். பிரிட்டிஷ் வானிலைத் துறைத் தலைவர் ஜார்ஜ் சிம்ப்சன் (இந்திய வானிலைத் துறையிலும் வேலை பார்த்தவர்) இது தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்கினார். ஆக, அன்றைக்குப் பெரிய நாற்காலியில் இருந்தவர்தான் சந்தேகப்பட்டார். வெளியாள் ஜெயித்தார். அடைக்க முடியாத வாய் அதுதானுங்க.

இனி நோபல். மாப்பிள்ளை காட்டியது ஐவர் கியேவராகவோ ஜான் கிளாசராகவோ இருக்கும். கியேவருக்கு 1973இல் பரிசு கிடைத்தது மீக்கடத்தி (தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) ஆராய்ச்சிக்கு, கிளாசருக்கு 2022இல் குவாண்டம் சோதனைக்கு. இரண்டுமே பெரிய வேலை, வானிலை வேலை அல்ல. நோபலை வைத்துத்தான் பேச வேண்டுமென்றால் 2021இல் சியுகுரோ மனாபேவுக்குப் பூமியின் பருவநிலையைக் கணக்கிட்டதற்காகவே பௌதிகப் பரிசு கொடுத்தார்கள். 1967லேயே அவரும் இன்னொருவரும் ஒரு கணக்குச் சொன்னார்கள்: கரியமில வாயு கூடினால் கீழ்க்காற்று சூடாகும், அதற்கு மேலே இருக்கிற ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற காற்றடுக்கு குளிரும். சூரியன்தான் காரணம் என்றால் மேலேயும் சூடாக வேண்டும். பிற்பாடு அளந்து பார்த்ததில் மேலே குளிர்ந்திருக்கிறது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளக்கிற சூரிய ஒளியிலும் ஏறுமுகம் இல்லை. சிம்ப்சன் சொன்ன தற்செயல் இங்கேதான் அடிபட்டுப் போனது. கிளாசர் மேகங்களைக் கைகாட்டுகிறார். மேகம் இன்றும் சிக்கலான இடம்தான். ஆனால் சிக்கல் என்பது எவ்வளவு சூடாகும் என்பதில்; சூடாகிறதா என்பதில் அல்ல.

மாப்பிள்ளையிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: எந்த அளவீடு வந்தால் ஒத்துக்கொள்வீர்கள்? பதிலைக் கார்டில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். போட்டுவிடுகிறேன்.

கேள்வி: பீளமேட்டில் முன்பு காடு தோட்டம். இப்போது சுற்றிலும் கான்கிரீட். தெர்மாமீட்டர் ஏறத்தானே செய்யும்? இதை உலகம் சூடாகிறது என்று எழுதுவது மோசடி இல்லையா?
- ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கோவை

நல்ல கேள்வி. இதே சந்தேகம் கலிஃபோர்னியாவில் ரிச்சர்டு முல்லர் என்ற பௌதிகப் பேராசிரியருக்கும் வந்தது. கான்கிரீட் தவறு எவ்வளவு இருக்கும் என்று 2010இல் ஒரு குழு சேர்த்து ஆரம்பத்திலிருந்து எல்லாப் பதிவுகளையும் புரட்டினார். எண்ணெய்த் தொழிலில் இருக்கும் சார்ல்ஸ் கோக்கின் அறக்கட்டளையும் பணம் கொடுத்தது. நகரத்துக்கு எட்டாத நிலையங்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அங்கேயும் அதே ஏற்றம். 2012இல் முல்லர் பத்திரிகையில் வெளிப்படையாகவே எழுதினார்: 250 வருஷத்தில் நிலப்பரப்பு 1.5 டிகிரி சூடாகியிருக்கிறது, ஏறக்குறைய முழுக் காரணமும் மனிதர்கள். பணம் கொடுத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

நகரம் தனியாகச் சூடாவது உண்மை. காந்திபுரத்தில் ராத்திரி பத்து மணிக்குச் சுவரைத் தொட்டால் தெரியும். ஆனால் வானிலைக்காரர்கள் தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டுவதில்லை. நாலு கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி, பக்கமெல்லாம் காற்று போகச் சாய்ந்த சட்டங்கள், கதவு வடக்குப் பார்த்து. அளவு பார்க்கத் திறக்கும்போது வெயில் உள்ளே விழக் கூடாது என்பதற்காக அந்த வடக்கு. இதற்கு மேல் கடல் இருக்கிறதே. பூமியில் பெரும்பகுதி கடல், அதுவும் சூடாகிறது. அங்கே யார் அபார்ட்மெண்ட் கட்டினார்கள்?

உங்கள் பக்கத்துக்கு வலு சேர்க்கிற ஒன்றும் சொல்லிவிடுகிறேன்: 1901 முதல் 2018 வரை இந்தியா சுமார் 0.7 டிகிரிதான் சூடாகியிருக்கிறது, உலகச் சராசரியைவிடக் குறைவு. நம் ஊர்த் தூசும் புகையும் வெயிலை மறைப்பது அதற்கு ஒரு காரணம். பெருமைப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: இமயமலைப் பனி 2035இல் காலி என்று ஐ.நா. குழு சொன்னது பொய்த்துப் போனதே?
- ஆசிரியை, பெருந்துறை

ஆமாம், அது அவமானம். ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2007இல் வெளியிட்ட அறிக்கையில் 2035 என்ற அந்த ஆண்டு இடம்பெற்றது. ஆய்வாளர்கள் சரிபார்க்காத வேறொரு அறிக்கையிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். 2009இல் இந்திய நிலவியல் துறையில் இருந்து ஓய்வு பெற்ற வி.கே. ரெய்னா, நம் பனியாறுகள் அப்படியொன்றும் ஓடிவிடவில்லை என்று எழுதினார். அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை வெளியிட்டார். ஐ.நா. குழுவின் அன்றைய தலைவர் பச்சௌரி அதை மாந்திரீகம் என்று நக்கலடித்தார். இரண்டு மாதத்தில், 2010 ஜனவரியில், குழுவே வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. நக்கலடித்ததை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பழைய உளவுச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டு 2019இல் வந்த ஆய்வில், 2000க்குப் பின் இமயமலைப் பனி கரையும் வேகம் அதற்கு முந்தைய கால் நூற்றாண்டைப் போல் இரண்டு மடங்கு. தேதி தப்பு, உருகுவது நிஜம்.

கேள்வி: 97 சதவீத விஞ்ஞானிகள் ஏற்கிறார்கள் என்பது அறிவியலா, ஓட்டெடுப்பா?
- கல்லூரி மாணவர், ஈரோடு

எண்ணிக்கைதான் தம்பி. 2013இல் ஒரு குழு ஆய்வுக் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்து எண்ணியது. மனிதன் காரணமா என்பதில் நிலை எடுத்தவற்றில் 97 சதவீதம் ஆம் என்றன. நிலையே எடுக்காதவை மூன்றில் இரண்டு பங்கு. தகவலாகச் சரி, வாதமாக எனக்குப் பிடிக்காது. காலண்டர் காலத்தில் எண்ணியிருந்தால் அவர் தோற்றிருப்பார்.

கேள்வி: எங்க வீட்டில் அப்பச்சி மழை குறைந்துவிட்டது என்கிறார், அப்பா எப்போதும் இப்படித்தான் என்கிறார். தினமும் சண்டை. நானே மழை அளக்க முடியுமா?
- பிளஸ் ஒன் மாணவி, உடுமலைப்பேட்டை

தாராளமாக, அம்மிணி. அடியும் வாயும் ஒரே அகலம் உள்ள, தட்டையான அடிப்பாகம் உள்ள டப்பா போதும். உள்ளே நிற்கிற தண்ணீரின் உயரத்தை ஸ்கேலில் பார்த்தால் அதுதான் மழையளவு, வேறு கணக்கு வேண்டாம். வாய் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கட்டும். பக்கத்துத் தென்னை எவ்வளவு உயரமோ அதுபோல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் மட்டையில் பட்டுச் சொட்டுகிற தண்ணீரையும் சேர்த்து அளப்பீர்கள். வானிலைத் துறை பார்க்கிற நேரம் காலை 8.30. 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதை மழை நாளாக அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அப்பச்சி சொல்கிற உழவு மழை எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் அவரிடம் கேட்டு அளந்து வையுங்கள். ஏக்கருக்கு 1 மில்லிமீட்டர் என்றால் சுமார் 4,000 லிட்டர். ஒன்றிரண்டு வருஷத்துப் பதிவு அவர்கள் சண்டையைத் தீர்க்காது, பழைய பதிவு தாலுகா ஆபீசில் இருக்கும், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். நோட்டில் மழை இல்லாத நாளுக்கும் சைபர் போட வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால், அன்றைக்கு மழை பெய்யவில்லையா, நீங்கள் ஊருக்குப் போயிருந்தீர்களா என்று அடுத்த வருஷம் உங்களுக்கே தெரியாது.