கடைசிப் பந்தி

அன்புள்ள ஐயா,

வணக்கம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பதைப் பற்றி முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்தே உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு 43 வயது. வீடு திருச்சி உறையூரில். வேலை லால்குடியில், ஒரு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில். காலை நாலேமுக்காலுக்கு எழுந்து டிபன், மதியச் சமையல் இரண்டையும் முடித்து, நான்கு டப்பா கட்டி, மாமியாருக்கு எடுத்து வைத்துவிட்டு ஏழேமுக்காலுக்குக் கிளம்பினால்தான் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் லால்குடி பஸ் கிடைக்கும். அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால் மாலை ஐந்தரைக்குத்தான் எழுந்திருக்கிறேன். வீடு வந்து சேர ஏழு. அப்புறம் ராத்திரிச் சமையல், பாத்திரம், மறுநாளைக்குக் காய் நறுக்கி வைப்பது. படுக்கப் பதினொன்று ஆகிவிடும்.

போன மாதம் அலுவலகத்தில் மருத்துவ முகாம் நடந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 112. மூன்று மாதச் சராசரி 6.2. ஹீமோகுளோபின் 9.8. டாக்டர் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, "பார்டர்ல இருக்கும்மா, சோத்தைக் குறைங்க, தினம் ஒரு மணி நேரம் நடங்க" என்றார். இத்தனைக்கும் நான் குண்டு கிடையாது. 57 கிலோதான். வயிறு மட்டும் கொஞ்சம் போட்டிருக்கிறது.

ஜிம்முக்கு மூன்று மாதப் பணம் கட்டிப் பதினோரு நாள் போனேன். மூச்சு வாங்கியது, கண்ணை இருட்டியது, நின்றுவிட்டேன். யூடியூப் பார்த்து ஓட்ஸ், சியா விதை, அவகாடோ என்று எனக்கு மட்டும் தனியாகச் செய்தேன். இரண்டு வாரத்தில் அதுவும் நின்றது. போனில் பத்தாயிரம் அடி என்று வைத்திருக்கிறேன், ஒருநாளும் நாலாயிரத்தைத் தாண்டியதில்லை. "மனசு இருந்தா நேரம் தானா கிடைக்கும்" என்கிறார் என் கணவர். எனக்கு மனசு இல்லையா ஐயா? எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் இருப்பதைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறவள் நான். நான் எதைக் குறைப்பது?

(பெயர் வேண்டாம்)
உறையூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

சர்க்கரை அளவுகளுக்கு நடுவே 9.8 என்று ஒரு எண்ணை எழுதிவிட்டு அதைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் கடந்துவிட்டீர்கள். என் கண் அங்கேயே நின்றுவிட்டது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 11க்கும் கீழே இறங்கிவிட்டால் அதை லேசானது என்று வகைப்படுத்துவதில்லை. தசைகளுக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோய்க் கொடுப்பது ஹீமோகுளோபின். அது இவ்வளவு குறைவாக இருக்கிற உடம்பு ஜிம்மில் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? பதினோரு நாள் தாக்குப்பிடித்ததே பெரிது. உங்களுக்கு மனசு இருக்கிறது. குறைவாக இருப்பது இரத்தம். இந்தப் பதிலை உங்கள் கணவரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அதனால் நடையை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒரு மருத்துவரிடம் இரத்தசோகைக்காகவே தனியாகப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். இந்த வயதில் மாதவிலக்கின்போது இரத்தப்போக்கு அதிகமாவதும் ஒரு பொதுவான காரணம். அப்படி இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இன்னொன்றும் கேளுங்கள். மூன்று மாதச் சராசரி என்பது சிவப்பணுக்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதன் கணக்கு. அந்த அணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அதனால்தான் மூன்று மாதம் என்கிறோம். இரும்புச்சத்துக் குறைவால் வந்த இரத்தசோகை இருந்தால் அந்தச் சராசரி உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். அதற்காக விட்டுவிட முடியாது. வெறும் வயிற்றில் 112 என்பதைத் தனியாக எடுத்துக்கொண்டாலும் அது நூறுக்கு மேலேதான்.

சரி, எதைக் குறைப்பது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

என் அம்மாவும் கடைசிப் பந்திதான். கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்த நாளில், எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மண்சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார். சட்டிச் சோற்றுக்கு ருசி அதிகம் என்று நாங்களும் போய் ஆளுக்கொரு உருண்டை வாங்கித் தின்போம். அதில் மீனே இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. பொரியல் தீர்ந்துபோயிருக்கும், முட்டை எண்ணி வைத்திருப்பதால் மிஞ்சாது. சோறு மட்டும் மிஞ்சும். யாருக்கும் பற்றாமல் போய்விடக் கூடாது என்று எப்போதும் ஒரு பிடி அரிசி கூடப் போடுவார். அந்த ஒரு பிடியை வீணாக்க மனம் வராமல் அவரே சாப்பிடுவார். ஐம்பது வயதில் சர்க்கரையும் இரத்தசோகையும் ஒரே ரிப்போர்ட்டில் வந்தன. வயிறு நிறையச் சாப்பிடுகிறவருக்கு இரத்தம் எப்படிக் குறையும் என்று நான் மருத்துவரிடமே கேட்டேன். அப்போது எனக்கு முப்பது வயது. அந்தச் சட்டியில் என்ன இருந்தது என்று அதுவரை பார்க்காமலே இருந்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

இது ஒரு வீட்டுக் கதையும் இல்லை. 2019–21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு உடல் எடை அதிகம். ஒரு பக்கம் சத்தில்லை, இன்னொரு பக்கம் எடை கூடுகிறது. சட்டியில் மிஞ்சுவது எது என்று பார்த்திருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

சோற்றைக் குறையுங்கள் என்பது காயும் கறியும் தட்டில் இருக்கிறவருக்குச் சரியான யோசனை. உங்கள் தட்டில் சோற்றைக் குறைத்தால் பசிதான் மிச்சம். ஒன்பது மணிக்குப் பட்டினி, பத்து மணிக்குக் கண்ணில் படுகிற முறுக்கு. நான் சொல்வது, முதலில் கூட்டுங்கள். காயும் பயறும் வந்து சேர்ந்தால் சோறு தானாகவே ஒரு கரண்டி இறங்கும்.

ஐந்து பேருக்குக் கால் கிலோ பீன்ஸ் நறுக்கினால் ஆளுக்கு 50 கிராம். எல்லோருக்கும் டப்பா கட்டிவிட்டுப் பார்த்தால் உங்களுக்கு வழித்தெடுத்த ஒரு ஸ்பூன். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியும் ஒரு நாள் சாப்பாட்டில் பாதி அளவு காயும் கீரையும் பழமுமாக இருக்கட்டும் என்கிறது. ஆகவே மெனுவை மாற்ற வேண்டாம், பொரியல் சட்டியைப் பெரிதாக்குங்கள். கால் கிலோ முக்கால் கிலோ ஆகட்டும். ஓட்ஸும் அவகாடோவும் நின்றுபோனதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஐந்து பேருக்குச் சமைத்துவிட்டு ஆறாவதாக ஒரு சமையலைத் தனக்கென்று செய்ய யாராலும் நெடுநாள் முடியாது.

புரதம் அடுத்தது. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. உங்கள் எடைக்கு 47 கிராம் வருகிறது. காலையில் மூன்று இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு தோசை என்று போனால் 30 கிராம் தேறுவதே கஷ்டம். இதற்குப் பவுடர் டப்பா எதுவும் வேண்டாம். காய்ந்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, வேர்க்கடலை எதுவும் இதற்குக் குறைந்ததல்ல. ராத்திரி ஒரு டம்ளர் ஊறப்போட்டால் காலையில் பருப்பு வேகிற குக்கரிலேயே ஒரு கிண்ணத்தில் வைத்து வேகவைத்துவிடலாம். நாலு மணிக்கு பிஸ்கட்டுக்குப் பதிலாக அந்தச் சுண்டல், மேலே கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிந்து. எலுமிச்சைக்குக் காரணம் உண்டு. பயறிலும் கீரையிலும் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். டீ அதைத் தடுக்கும். அதனால் டீயைச் சாப்பாட்டிலிருந்தும் சுண்டலிலிருந்தும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். முட்டை சாப்பிடுகிற வீடு என்றால் தினம் ஒரு முட்டை உங்களுக்கும் எண்ணி வேகட்டும்.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் பந்தி மாற வேண்டும். காலையில் நான்கு டப்பாவில் உங்கள் டப்பாவை முதலில் கட்டுங்கள். இரவில் பாத்திரங்களை எல்லாம் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஐந்து பேரும் ஒன்றாக உட்காருங்கள், வேண்டியதை அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். முதல் சில நாள் வீட்டில் இது வித்தியாசமாகத் தெரியும். உங்கள் மாமியாரும் பல வருடம் கடைசியில் சாப்பிட்டவராகத்தான் இருப்பார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், உங்களை முதலில் புரிந்துகொள்பவர் அவராகவே இருக்கலாம். பிறகு பாத்திரமும் காய் நறுக்குவதும். டப்பா எடுத்துக்கொண்டு வெளியே போகிற வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் கணவர் நல்ல எண்ணத்தில்தான் நேரம் கிடைக்கும் என்று சொல்லியிருப்பார். அந்த நேரம் அவர் கையில் இருக்கிறது. இரவுப் பாத்திரத்தை அவர் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு அரை மணி நேரம் வந்துவிடும்.

குண்டு இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். புனேவில் நீரிழிவை ஆராய்கிற மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று 2004ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் இரண்டு பேருக்கும் ஒரே எண், 22.3. உடம்பில் இருந்த கொழுப்பை அளந்தால் யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் உடம்பு வாகு அப்படி. கை கால் மெலிந்திருக்கும், தசை குறைவு, கொழுப்பு வயிற்றுக்குள்ளே சேரும். எடை மெஷினை விட்டுவிட்டு ஒரு டேப்பால் இடுப்பை அளந்து பாருங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை.

இனி நடை. பத்தாயிரம் என்ற எண்ணைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். அது மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்ன கணக்காகத் தொடங்கவில்லை. 1965ல் ஜப்பானில் அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்பதற்காக வைத்த பெயரிலிருந்து வந்தது. மான்போ-கெய் என்றால் பத்தாயிரம் அடி அளவி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம். பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் சேரும் என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது, 2020ல் அதையும் எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் எல்லாமே கணக்கில் சேரும்.

நீங்கள் தினம் பஸ்ஸில் போகிறவர் என்பதால் ஒரு பஸ் கதை. இரண்டாம் உலகப்போர் முடிந்த சில வருடங்களில் லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், மாடி பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே பஸ், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு 500 படிக்கும் மேலே ஏறி இறங்குகிறார். 1953ல் முடிவு வெளியானது. நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது, வந்தவர்களுக்கும் தீவிரம் குறைவாக இருந்தது. ஓட்டுநர்கள் முதலிலேயே பருமனாக இருந்திருப்பார்களோ என்ற சந்தேகத்துக்கு, சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவை எல்லாம் வாங்கிப் பார்த்தார் மாரிஸ். ஒல்லியானவர்களை மட்டும் வைத்துப் பார்த்தபோதும் வித்தியாசம் இருந்தது. அந்த நடத்துநர்கள் உடற்பயிற்சி என்று தனியாக நேரம் ஒதுக்கவில்லை, வேலையிலேயே அது கலந்திருந்தது. (மாரிஸ் 99 வயதுவரை வாழ்ந்தார். அவர் வேலையை நினைக்கும்போதெல்லாம் இது எனக்குச் சந்தோஷம் தருகிற விஷயம்.)

உங்களுக்கு மிகவும் பயன்படப்போவது சாப்பிட்டவுடன் நடக்கிற பத்துப் பதினைந்து நிமிடம். தொடையும் கெண்டைக்காலும் இயங்கும்போது, இன்சுலினுக்காகக் காத்திருக்காமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டுச் சர்க்கரை ஏறுகிற நேரத்திலேயே இது நடப்பதால் பலன் அதிகம். தெருவில் நாயும் வண்டியும் உடைந்த நடைபாதையும், ஒன்பது மணிக்குத் தனியாக நடக்கிற பெண்ணை முறைக்கிற கண்களும் உண்டு என்பது எனக்குத் தெரியும். மொட்டைமாடி போதும். மாடி இல்லையென்றால் கூடத்துக்கும் வாசலுக்கும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை மெதுவாகவே நடங்கள், கண்ணை இருட்டினால் உட்கார்ந்துவிடுங்கள். இரத்தம் ஏறிய பிறகு, அலுவலகத்தில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை உட்கார்ந்து எழுவதைச் சேர்த்துக்கொள்ளலாம். தசைக்கு அது நல்ல வேலை. பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போடுகிற பழக்கம் உண்டென்றால் இன்னும் நல்லது. ஜிம் பிடித்திருந்தால் அடுத்த வருடம் போய்க்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் பரிசோதனை செய்யும்போது ஹீமோகுளோபினை மறக்காமல் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். எண் எப்படி வந்திருந்தாலும் எனக்கு எழுதுங்கள். அதற்கு முன்பே, ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்த முதல் இரவு எப்படி இருந்தது, அன்றைக்கு என்ன பொரியல் என்றும் எழுதுங்கள்.

அன்புடன்.