இரண்டு பெயர்ச்சி, ஒரு சனி

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025 மார்ச் 29 அன்று சனி மீன ராசிக்குப் பெயர்ந்துவிட்டதாகத் திருக்கணிதப் பஞ்சாங்கம் கூறியது. திருநள்ளாறு கோயிலிலோ, வாக்கியப் பஞ்சாங்கத்தையே பின்பற்றுவதால் பெயர்ச்சி 2026 மார்ச் 6 அன்றுதான் என்று அறிவித்துவிட்டார்கள். என் தாயார் கோயில் சொல்வதையே நம்புகிறார். திருநள்ளாற்றின் மேல் செல்லும் செயற்கைக்கோள்கள் மூன்று வினாடி நின்றுவிடுவதாக நாசாவே ஒப்புக்கொண்டது என்ற வாட்ஸ்அப் செய்தியையும் காட்டுகிறார். ஒரு கோளின் இடத்தைச் சொல்வதிலேயே ஓராண்டு பிழை செய்யும் மதத்துக்கு, அறிவியல் இவ்வளவு வளர்ந்த பிறகும் இடம் உண்டா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

செயற்கைக்கோள் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். தாழ்வான சுற்றுப்பாதையில் இருக்கும் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாமல் காக்கிறது. நின்றால் விழும். நாசா அப்படி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

பெயர்ச்சிக் கணக்கு அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக்கூடியது அல்ல. எழுத்துக்கு ஓர் எண் என்னும் கடபயாதி முறையில், வானியல் அட்டவணைகளையே மனப்பாடம் செய்யத்தக்க சிறு தொடர்களாக ஆக்கி வைத்தார்கள், அவையே வாக்கியங்கள். வரருசி இயற்றியதாக மரபு கூறும் சந்திர வாக்கியங்கள் மட்டும் 248. புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர், தரையில் சோழிகளை வைத்து, நினைவில் இருந்த வாய்பாடுகளைக் கொண்டே 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை, கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம், நடுநேரத்தில் 23, முடிவில் 52. தாளும் பேனாவும் இல்லாமல் இதைச் செய்த மனிதரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பிழை பிழைதான். சனி ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டு ஆகிறது. பழைய கணக்கில் ஆண்டுதோறும் நேரும் மிகச் சிறிய விலகலும், திருத்தப்படாமல் நூற்றாண்டுகளாகச் சேர்ந்தால், பெயர்ச்சி நாளையே மாதக்கணக்கில் தள்ளிவிடும். கும்பத்துக்குப் பெயர்ந்தபோதும் இதுவே நடந்தது: திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20.

இதை மதத்தின் பிழை என்கிறீர்கள். இங்குதான் நான் உங்களிடமிருந்து விலகுகிறேன். கணக்கும் வானமும் ஒத்துப்போகாததைக் கண்டு, ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களையும் கோள்களையும் பார்த்துக் குறித்துவைத்து, 1431இல் ‘த்ருக்கணிதம்’ என்ற நூலை எழுதிய பரமேசுவரர், கேரளத்தின் ஒரு நம்பூதிரி. நம் வழக்கில் ‘திருக்கணிதம்’ ஆகிவிட்ட அந்தச் சொல்லின் முதற்பகுதி, மரியாதைக்கு முன்னால் சேர்க்கும் ‘திரு’ அன்று. பார்வை என்று பொருள்படும் ‘த்ருக்’. அவர் வழிவந்த நீலகண்டர் சோமயாகம் செய்தவர், ஆதலால் சோமயாஜி. வானியல் நூல்கள் தெய்வத்தின் அருளால் கிடைத்தவை என்றால் அவற்றை எப்படித் திருத்தலாம் என்ற கேள்வியை அவரே ‘ஜ்யோதிர்மீமாம்சை’யில் எடுத்துக்கொள்கிறார். தெய்வத்தின் அருள் அறிவைத் தெளிவாக்கும், அவ்வளவுதான். பிரம்மாவோ சூரியனோ நேரில் வந்து கணக்குச் சொல்லித் தருவதில்லை என்பது அவருடைய விடை. சொன்னவர் நாத்திகர் அல்லர் என்பதைக் கவனியுங்கள். வாக்கியத்தை உறையவிட்டது பக்தி என்பதைவிட, பார்ப்பதை நிறுத்திவிட்ட சோம்பல் என்றே சொல்வேன்.

உங்கள் கேள்விக்குள்ளும் ஒரு சிறு பிழை ஒளிந்திருக்கிறது. திருக்கணிதம் சரி, ஆகவே அது அறிவியல் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். சனி எங்கே இருக்கிறது என்பது மட்டுமே அறிவியல். கும்பம் முடிந்து மீனம் தொடங்கும் இடத்தில் வானில் கோடு எதுவும் இல்லை. வட்டத்தைப் பன்னிரண்டாகப் பகுத்ததும், எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று தீர்மானித்ததும் மனிதர்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் ஒருவருக்கு வேலை போகும் என்பதை இரண்டு பஞ்சாங்கங்களில் எதனாலும் நிறுவ முடியாது.

அப்படியானால் மதத்துக்கு என்ன இடம்? என் பாட்டியுடன் ஒருமுறை திருநள்ளாற்றின் நளதீர்த்தக் குளத்துக்குப் போயிருக்கிறேன். எண்ணெய் தேய்த்து முழுகி எழுந்து, படியில் நின்று நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே, “இனிமே அவன் பாத்துப்பான்” என்றார். அந்த ஆண்டுதான் தாத்தா இறந்திருந்தார். சனி எந்தப் பாகையில் இருக்கிறது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடை அவருக்கு எதற்கும் பயன்பட்டிருக்காது. அந்தப் படிக்கட்டில் அறிவியலுக்கு வேலை இல்லை. தன் இடம் இதுதான் என்று அறிந்த மதத்தோடு எனக்குச் சண்டையும் இல்லை. நாசாவிடம் சான்றிதழ் வாங்க அது ஓடும்போதுதான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தன் மீதே நம்பிக்கை போய்விட்ட மதத்தின் செயல் அது.

தாயாரிடம் தேதிக்காக வாதிட வேண்டாம். அவர் விரும்பும் நாளில் அழைத்துச் செல்லுங்கள்; பெயர்ச்சியன்று நெரிசல் மிகுதி என்பதால் ஒரு வாரம் கழித்துச் செல்வது முழங்காலுக்கு நல்லது. சனி சூரியனுக்கு நேரெதிரே வரும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்; 2025இல் அது செப்டம்பர் 21. அதையொட்டிய நாட்களில் இரவு முழுவதும் தெரியும். ஒரு சிறு தொலைநோக்கி கிடைத்தால் மொட்டைமாடியில் வைத்து அவருக்குக் காட்டுங்கள். 2025இல் வளையம் ஏறக்குறைய விளிம்பைத்தான் நமக்குக் காட்டியது என்பதால், கோளின் குறுக்கே மெல்லிய கோடுபோல மட்டுமே தெரிந்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டால் தடுக்காதீர்கள்.